ஒரே அச்சில் மூன்று

கண்காட்சிக்குக் கோழி வளர்க்கப் போகிறேன் என்று சொன்னபோது கேட்டவர்கள் மனதில் வந்தது கழுத்து மின்னும் சேவல்தான். நான் வளர்க்கப் போவது வெள்ளை பிராய்லர், ஆறரை வாரத்தில் முடிந்துவிடும் வேலை என்றதும் முகம் மாறிவிட்டது. "பிராய்லர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று ஒருவர் கேட்டே விட்டார். நியாயமான கேள்வி. கறிக்கோழிப் பிரிவில் நடுவர் கண்ணால் பார்ப்பது கொஞ்சம்தான், மீதியெல்லாம் கைதான் பார்க்கிறது. நெஞ்சு எலும்பின் இருபக்கமும் சதை எவ்வளவு, அது முன்னால் மட்டும் திரண்டிருக்கிறதா, பின்பக்கம் வரை ஓடுகிறதா, முதுகு அகலமா, தொடை கெட்டியா, தோலில் காயம் உண்டா என்று விரல் தேடிக்கொண்டே போகும்.

ஒரு கூண்டுக்கு மூன்று கோழி. மூன்றுக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண். ஒன்று மட்டும் யானைக்குட்டி மாதிரி இருந்து மற்ற இரண்டும் சுமாராக இருந்தால், அந்த யானைக்குட்டியாலேயே இடம் போய்விடும். இதை எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் பெரிய கோழி வளர்ப்பதுதான் வேலை என்ற நினைப்பு உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டே இருந்தது.

சொன்னவர் பல வருஷமாகக் கோழிகளோடு புழங்குபவர். அண்ணன் என்றே அழைப்பேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் முதலில் கேட்டது கோழியைப் பற்றி அல்ல, தேதியைப் பற்றி. "எத்தனாந்தேதி கண்காட்சி? அதிலேர்ந்து பின்னாடி எண்ணு." பிராய்லர் ஒரு வாரம் முந்தினால் நெஞ்சு நிறைந்திருக்காது. ஒரு வாரம் பிந்தினால் விதித்தாளில் உள்ள எடை வரம்பைத் தாண்டும், காலும் தள்ளாடும். மற்ற இனக் கோழியை ஒரு வருஷம் முன்பே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். இதை அப்படி வைத்திருக்க முடியாது. கண்காட்சி அன்று 46ஆம் நாள் வருகிற மாதிரி கணக்குப் போட்டு, இரண்டு மாதம் முன்பே பொரிப்பகத்தில் சொல்லி வைத்தேன்.

இருபது குஞ்சு. மூன்றுக்கு எதற்கு இருபது என்று எனக்கும் தோன்றியது. பாதி பெட்டையாகப் போகும், ஒன்றிரண்டு சாகும், ஒன்றிரண்டு கால் வளையும். மிஞ்சுவதில் ஒரே அளவில், ஒரே உடல்வாகில் மூன்று தேற வேண்டும். இருபதே குறைச்சல்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தப் பறவையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்கே இது வியப்பாக இருந்தது. இன்றைய வெள்ளை பிராய்லர் பெரும்பாலும் கார்னிஷ் தந்தை வழியும் ஒயிட் பிளைமவுத் ராக் தாய் வழியும் சேர்ந்து வந்தது. கார்னிஷ் என்பது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் உருவான இனம். அதன் ரத்தத்தில் நம் அசில் சண்டைக்கோழியும் உண்டு. பிரிட்டனில் அந்த இனத்துக்கு இன்றும் 'இந்தியன் கேம்' என்றுதான் பெயர். களத்தில் கால் அகட்டி நிற்கும் சண்டைச் சேவலின் அகன்ற நெஞ்சுதான் இப்படி வந்து முடிந்திருக்கிறது. பேரனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை, தீவனத் தட்டு வரை நடந்து வந்தாலே பெரிது.

கறிக்கோழிக்குப் போட்டி வைப்பதும் புதிதல்ல. அமெரிக்காவில் 1948இல் ஏ அண்ட் பி என்ற மளிகைக்கடை நிறுவனத்தின் ஆதரவில் 'நாளைய கோழி' என்றொரு தேசியப் போட்டி நடந்தது. போட்டியாளர்கள் கோழியைக் கொண்டு வரவில்லை, முட்டையை அனுப்பினார்கள். அவற்றைப் பொரிக்க வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம் போட்டு, 12 வாரம் வளர்த்து, அடித்த பிறகு மதிப்பிட்டார்கள். வளர்ப்பவரின் சாமர்த்தியம் கலக்காமல் இனத்தின் தரம் மட்டும் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. வென்றது வான்ட்ரஸ் என்ற கலிஃபோர்னியாக்காரரின் கார்னிஷ் கலப்பு. 1951இல் மறுபடி நடந்தபோதும் அவரே. அதற்குப் பிறகு வளர்ச்சி எப்படி ஓடியது என்பதற்கு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1957, 1978, 2005 ஆகிய காலங்களின் வம்சாவளிகளை ஒரே தீவனத்தில் அருகருகே வளர்த்து 56ஆம் நாள் எடை போட்டார்கள். முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். இந்த மூன்றாவது எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் தவறுகளில் பாதி அதிலிருந்து வந்தவை.

குஞ்சு வந்த அன்று இரவு நான் தூங்கவில்லை. பெட்டி திறந்ததும் ஒவ்வொன்றின் அலகையும் வெதுவெதுப்பான தண்ணீரில் தொட்டு விட்டேன். ஒன்று குடித்தால் மற்றது பார்த்துக் குடிக்கும். மஞ்சள் கரு வயிற்றுக்குள் இருப்பதால் இரண்டு நாள்வரை தீவனம் இல்லாமல்கூடத் தாங்கும் என்பார்கள், அதற்காகக் காக்க வைக்கத் தேவையில்லை. புரூடருக்குள், அதாவது குஞ்சுகளைச் சூட்டில் வைக்கும் அடைப்புக்குள், விளக்கின் கீழே 33 டிகிரி காட்டியது. சரியாகத்தான் இருக்கிறது என்று வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் போனில் சொன்னார், "தம்பி, அந்தக் குச்சியை விட்டுட்டுக் குஞ்சைப் பாரு." பார்த்தால் எல்லாம் விளக்குக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கத்திக்கொண்டிருந்தன. தரை மட்டத்தில் ஒரு பக்கமாகக் காற்று நுழைகிறது. அட்டையை வைத்து அதை மறைத்ததும் பத்து நிமிஷத்தில் பரவிப் படுத்துவிட்டன. குளிர்ந்தால் குவியும், சூடு அதிகமானால் ஓரத்துக்கு ஓடி வாய் பிளக்கும், சரியாக இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்து முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்புச் சத்தம் காதுக்குப் பழகிவிட்டால் அறைக்குள் போகாமலே நிலைமை தெரிந்துவிடும். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்தேன், நான்காம் வாரத்தில் விளக்கே தேவைப்படவில்லை.

இரவு படுக்கும்போது குஞ்சின் கழுத்தடியில் இரைப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். நிறைந்து மெத்தென்று இருந்தால் தின்றிருக்கிறது, தண்ணீரும் குடித்திருக்கிறது. கெட்டியாக இருந்தால் தீவனம் மட்டும் தின்று தண்ணீர் கண்டுபிடிக்காத குஞ்சு. எனக்கு இரண்டு அப்படிக் கிடைத்தன. இன்னும் இரண்டுக்குப் பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருந்தது. வெந்நீர்த் துணியால் ஊற வைத்து மெல்ல எடுத்துவிட்டேன். ஒன்று நான்காம் நாள் செத்தது. காரணம் தெரியவில்லை.

வாங்கும்போது 41 கிராம். ஏழாம் நாள் 165. பதினான்காம் நாள் 420. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சமையலறைத் தராசில் வைத்து எழுதினேன், அந்தப் போதை ஒரு மாதிரியானது. இரண்டாம் வாரத்திலிருந்து ராத்திரி தீவனத்தை எடுத்துவிடு, பகலில் பன்னிரண்டு மணி நேரம் மட்டும் போடு என்று அண்ணன் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. கேட்காததோடு, கேட்டதாகச் சொல்லவும் செய்தேன். தட்டு காலியானால் அவை கத்துவது பொறுக்காமல் நடுராத்திரியும் எழுந்து நிரப்பினேன். விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது. எண்கள் வேறு ஏறிக்கொண்டே போகின்றன, யாருக்குத்தான் நிறுத்த மனம் வரும்?

இருபதாம் நாள் சாயங்காலம், எல்லாவற்றிலும் பெரிய குஞ்சு, அடையாளத்துக்குக் காலில் நீல வளையம் போட்டது, தட்டிலிருந்து தலையெடுத்தது. ஒரு தடவை கத்தி, இறக்கையைப் படபடவென்று அடித்து, மல்லாக்க விழுந்தது. அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரைப்பை நிறைய தீவனம், உடம்பில் ஒரு குறையும் இல்லை. வேகமாக வளரும் சேவல்களுக்கு இப்படித் திடீரென்று இதயம் நின்றுபோவது உண்டு என்று பிறகு படித்தேன். பக்கத்திலிருந்தவை அதை மிதித்துக்கொண்டு தட்டுக்குப் போயின. அன்றிரவு அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நல்லதா போட்டுத்தான் கொன்னிருக்கே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து ராத்திரியில் தட்டை எடுத்தேன், ஆறு மணி நேரம் விளக்கையும் அணைத்தேன். முதல் இரண்டு ராத்திரி கூச்சல், பிறகு பழகிவிட்டன. ஆனால் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும். காலையில் தட்டு வைத்ததும் வெறியோடு எல்லாம் ஒரே இடத்தில் பாய்ந்தன, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி மிதித்தது. மூன்று நாளில் நாலைந்து கோழிகளின் இடுப்பில் நகக் கீறல். தோலில் கீறல் இருந்தால் கண்காட்சியில் அந்தக் கோழிக்கு வேலை இல்லை. தீவனத் தட்டு எல்லாம் ஒரே நேரத்தில் நின்று தின்னும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டாக இருந்த தட்டு ஐந்தாயிற்று. தட்டின் விளிம்பைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தினேன், படுத்துக்கொண்டே தின்ன முடியாது. தண்ணீரைக் கொட்டகையின் மறுகோடியில் வைத்தேன். தீவனத்துக்கும் தண்ணீருக்கும் இடையே நடப்பதுதான் இவற்றுக்கு உடற்பயிற்சி, வேறெதற்கும் இவை எழுந்திருப்பதில்லை.

அப்புறம் கூளம். மரச்சீவல் நான்கு விரல் கனத்துக்குப் போட்டிருந்தேன். இந்தப் பறவை முக்கால்வாசி நேரம் நெஞ்சின் மேல் படுத்துக் கிடக்கும், ஆகவே கூளம் ஈரமானால் முதலில் கெடுவது நெஞ்சுத் தோல். நெஞ்சு எலும்பின் மேல் கொப்புளம் கட்டும், கணுக்காலில் பழுப்பாகத் தீய்ந்த மாதிரி புண் வரும். இதனால்தான் கறிக்கோழிக்கு ஏறி உட்காரக் கம்பும் வைப்பதில்லை. கூளத்தை ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கித் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் அள்ளிப்போட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நாற்றத்தையும் நின்றுகொண்டு மோந்து பார்த்தால் தெரியாது. மண்டி போட்டுக் கோழியின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனேன் ஒரு நாள், கண் கரித்தது. ஐந்தாம் வாரத்தில் தினமும் தண்ணீர்க் குடுவையைச் சுற்றி அள்ளிப் புதுச் சீவல் போடுவதே ஒரு மணி நேர வேலை. ரத்தக் கழிச்சலுக்கும் ஈரக் கூளம்தான் தாய்வீடு. தீவனத்தில் அதற்கான மருந்து கலந்து வரும் என்றாலும் மருந்தில்லாத கடைசித் தீவனத்துக்கு எந்த நாளில் மாற வேண்டும் என்று மூட்டையின் மேலுள்ள சீட்டைப் படித்து நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும்.

வெயில் ஏறிய இரண்டு நாள் நடுங்கிப்போனேன். கோழிக்கு வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தின்னும் தீவனம் செரிப்பதே உடம்புக்குள் அடுப்பு மூட்டிய மாதிரி. அந்த இரண்டு நாளும் விடிவதற்கு முன்பே தீவனம் போட்டு, உச்சிக்கு முன் எடுத்துவிட்டேன். ஒன்றும் சாகவில்லை. இன்னொன்றுக்குக் கால் வளைந்து நடக்க முடியாமல் போயிற்று, அதை வைத்திருப்பது பாவம், அன்றே முடித்தோம். மிச்சம் பதினேழு.

ஐந்தாம் வாரத்தில் சேவல் பெட்டை நன்றாகத் தெரிந்துவிடும். சேவலுக்குக் கொண்டை சிவந்து பெரிதாகியிருக்கும், கால் தடித்திருக்கும். பெட்டை கொஞ்சம் சின்னது, ஆனால் உருண்டு திரண்டு தோலடியில் கொழுப்பு சீராகப் படிந்திருக்கும். மூன்றும் ஒரே பாலாக இருந்தால்தான் பொருந்தும். என்னிடம் சேவல் ஒன்பது. 44ஆம் நாள் எல்லாவற்றையும் எடை போட்டேன். மஞ்சள் வளையம் 3 கிலோ 420 கிராம். பிடித்துத் தூக்கியபோது கை தாழ்ந்தது. இரண்டாவது பெரியது 2.9, அதற்கடுத்து 2.87, 2.85. மஞ்சளைச் சேர்க்காமல் எப்படி என்று நான் பேசிக்கொண்டே இருந்தேன். வரம்புக்குள்தான் எடையும் இருந்தது. அண்ணன் வாய் திறக்கவில்லை. மஞ்சளையும் இன்னும் இரண்டையும் ஒரு பலகைமேல் வரிசையாக நிறுத்தி, என்னைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னார். பிறகு மஞ்சளை எடுத்துவிட்டு 2.85ஐ வைத்தார். முதலில் பார்த்தது ஒரு பெரிய கோழியும் இரண்டு சின்னக் கோழிகளும். இரண்டாவது, ஒரே கோழியை மூன்று தடவை அச்சடித்த மாதிரி இருந்தது. சின்னதாக ஒன்றுமே தெரியவில்லை. சரி என்று மஞ்சளைத் திரும்ப உள்ளே விட்டேன், மனசில்லாமல்.

அன்று சாயங்காலமே குளியல். கண்காட்சிக்கு ஒன்றரை நாள் முன்னால் குளிப்பாட்டினால் இறகு காய்ந்து, கோழி தானே கோதிச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். மூன்று தொட்டி. முதலாவதில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு, இரண்டாவதில் ஷாம்புப் பிசுக்கு போக ஒரு குத்து வினிகர், மூன்றாவது வெறும் தண்ணீர். இறகு போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும், எதிர்த்துத் தேய்த்தால் முறியும். ஆறு வாரம் கூளத்தில் கிடந்த கோழி வெதுவெதுப்பான தண்ணீரில் இறங்கியதும் செய்வதைப் பார்க்க வேண்டும். முதலில் விறைக்கும். அப்புறம் இறக்கை தளர்ந்து மிதக்கும், கண் கீழிமையிலிருந்து மேலாக மூடும், கழுத்து ஒரு பக்கமாகச் சாயும். தூங்கியே போகும். தலையைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் மூழ்கிவிடும். கால் செதில்களுக்குப் பழைய டூத்பிரஷ், செதில் இடுக்குக்குப் பல்குத்தி. இரண்டு கோழி பூப்போல முடிந்தது. மூன்றாவதைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது வழுக்கியது. பதறி இறக்கையைப் பிடித்தேன், அது உதறித் தொட்டி விளிம்பில் ஒரு அடி. காயம் ஒன்றும் தெரியவில்லை. துவட்டி, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி, புதுச் சீவலில் விட்டேன். மறந்தும் போனேன்.

கண்காட்சி அன்று விடியற்காலைக் குளிர்ச்சியிலேயே தனித்தனிப் பெட்டியில் கிளம்பினோம். கைப்பயிற்சி ஒரு வாரமாகச் செய்திருந்தேன். நெஞ்சுக்கடியில் உள்ளங்கை, விரல்களுக்கிடையில் இரண்டு கால், தலை என் முழங்கைப் பக்கம். அப்படிப் பிடித்தால் கோழி அசையாது. நடுவர் வயதானவர், பேச்சு குறைவு. முதல் கோழியை வாங்கி, கட்டைவிரலை எலும்பின் ஒரு பக்கமும் மற்ற விரல்களை மறுபக்கமும் வைத்து முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பு. முதுகில் ஒரு சாண். தொடையில் ஒரு அழுத்து. நெஞ்சு இறகை ஊதிப் பிரித்துத் தோலைப் பார்த்தார். இரண்டாவதும் அப்படியே. பிறகு முதலாவதுக்குத் திரும்பி மறுபடி தொட்டுப் பார்த்தார், இரண்டும் ஒன்றுதானா என்று கை சந்தேகப்பட்ட மாதிரி. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

மூன்றாவதின் இறக்கையை விரித்தார். அடிப்பக்கம் எனக்குக் காட்டினார். இறகு மறைத்திருந்த தோலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பச்சையும் மஞ்சளும் ஊதாவும் கலந்த திட்டு.

"முந்தா நாள் சாயங்காலம் குளிப்பாட்டினீங்களா தம்பி?"

ஆமாம் ஐயா என்றேன். எப்படித் தெரிந்தது என்று கேட்கவும் வாய் வரவில்லை. பிறகுதான் விளக்கினார். கோழியின் தோலில் அடிபட்ட இடம் முதலில் சிவக்கும், அரை நாளில் கருஞ்சிவப்பாகும், ஒரு நாளில் பச்சை தட்டும், இரண்டு நாளில் மஞ்சள் கூடும், ஐந்தாம் நாளுக்குள் சுத்தமாக மறைந்துவிடும். திட்டின் நிறத்தைப் பார்த்தால் அடி எப்போது பட்டது என்று தெரிந்துவிடும். நெஞ்சும் சீரும் நன்றாக இருந்தன என்றார். நான்காம் இடம்.

கறிக்கோழிப் பிரிவில் பறவைகள் பெரும்பாலும் வீடு திரும்புவதில்லை, கண்காட்சியிலிருந்து நேராக அடிக்கப் போகின்றன. எங்களுடையதும் அப்படித்தான். பல இடத்துக் கோழிகள் கூடிய இடத்திலிருந்து நோயைக் கொட்டகைக்குக் கொண்டு வராமல் இருப்பதற்கும் அதுவே வசதி. வெறும் பெட்டியோடு வந்தோம். மறுநாள் மிச்சம் பதினாலையும் அடித்தோம். வைத்திருந்தால் போகப்போகக் கால்களோ இதயமோ தாங்காமல் போகலாம். மஞ்சள் வளையத்தை நானே உரித்தேன். இறகு போனதும் நெஞ்சு எலும்பின் நுனியில் ஒரு கொப்புளம், நீர் கோர்த்து, என் கட்டைவிரல் அகலத்துக்கு. எத்தனை நாளாக அந்தக் கனத்தை அதன் மேலேயே போட்டுப் படுத்திருந்ததோ. தூக்கி எடை பார்த்த ஒவ்வொரு தடவையும் என் கை அதே இடத்தில்தான் இருந்திருக்கிறது, கண்டுபிடிக்கவில்லை.

கூளத்தை வாரிக் கொட்டி, கொட்டகையைக் கழுவிக் காய விட்டேன். எடை எழுதிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தேன். குளியலுக்கு ஆள் இரண்டு. தொட்டி விளிம்பில் துண்டு சுற்று.